அமலதாஸ் போட்ட மூடி

போன சனிக்கிழமை காலை எதிர்வீட்டு ஷீலா வந்து கூப்பிட்டாள். "அங்கிள், கம்பெனிலேர்ந்து ஆள் வந்திருக்காங்க. நீங்க பேப்பர்ல இருந்தவரு... கூட நின்னா ஒழுங்கா பேசுவாங்க."

ரிட்டயரான பத்திரிகைக்காரனுக்கு எங்கள் லேஅவுட்டில் மிச்சமிருக்கும் மரியாதை இவ்வளவுதான். போனேன்.

பெங்களூரில் கே.ஆர்.புரம் தாண்டி வீடு. கட்டி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர். அதன் டேங்க் துருப்பிடித்து, அடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஐந்து வருட வாரன்டி. பிறகென்ன, மாற்றித் தரவேண்டியதுதானே?

கம்பெனி என்ஜினியர் மஞ்சுநாத் கன்னடக்காரர். நன்றாகவே தமிழ் பேசினார். டேங்க்கைச் சுற்றிப் பார்த்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். "ராடு எங்கே மேடம்?"

எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் இரும்பைத் தின்னும். அதனால் டேங்க்குக்குள் ஒரு மெக்னீசியம் கம்பியை வைத்து அனுப்புகிறார்கள். தண்ணீர் முதலில் அந்தக் கம்பியைத் தின்னும். கம்பி இருக்கும்வரை டேங்க் பிழைக்கும்.

இங்கே கம்பி இல்லை. அது இருந்த துளையில் ஒரு பித்தளை மூடி — டேப் சுற்றி, கச்சிதமாக. பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து: ஏ, டி. அதன் கீழே தேதி.

அமலதாஸ். ஷீலாவின் அப்பா.

கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் பம்ப் ஃபிட்டராக இருந்தவர். அங்கே அவர்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கமாம். ரிப்பேர் முடித்தவர் தன் எழுத்தையும் தேதியையும் பெயின்ட்டில் போட்டுவிட்டுத்தான் மேலே வருவார். அடுத்த ஷிஃப்டில் பழுதானால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டுமல்லவா?

குடிவந்த முதல் வருடம், தண்ணீரில் வாடை அடிக்கிறதென்று ஸ்பானரோடு மாடி ஏறினார். கம்பி கரும்புச் சக்கை மாதிரி இருந்ததாம். "இந்த மாதிரி கெட்டுப்போனத உள்ள வச்சா மத்ததையும் அரிச்சிடும் சார்" என்று அன்று மாலை கேட்டருகே நின்று என்னிடம் சொன்னார். முகத்தில் அவ்வளவு திருப்தி. நானும் "சபாஷ்" என்றேன்.

நான்கே மாதம். சுரங்கத் தூசி ஏறிய நுரையீரல்... போய்விட்டார்.

மஞ்சுநாத்துக்கு எழுத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "ராடை வெளி ஆள் எடுத்திருந்தா வாரன்டி கிடையாது மேடம்." படியருகே நின்ற ஷீலாவின் அம்மா ஃபிலோமினாவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணலாம். பெயின்ட்டை தின்னர் போட்டு அழிச்சிடுங்க. மூடியை நான் கழட்டிடறேன். ராடு தானா கரைஞ்சிடுச்சுன்னு எழுதிடறேன்."

பொய்தான். ஆனாலும் நல்ல மனிதர். ஷீலா தின்னரும் துணியும் எடுத்து வந்தாள்.

"இன்னாடி பண்ற?"

"அழிச்சா புது டேங்க் வரும்மா. உன் முட்டிக்குதானே சுடுதண்ணி?"

"ஊடு பூரா தேடு... அவரு கையால எழுதனது இது ஒண்ணுதான் இருக்குது. வை அத கீழ."

ஷீலா வைத்துவிட்டாள்.

வேறு வழியின்றி மஞ்சுநாத் போனில் ஃபார்மைத் திறந்தார். "அப்ப, பயிற்சி இல்லாத நபர் திறந்ததுன்னு டிக் பண்ணணும் அம்மா. நீங்க சைன் போடணும்."

"தப்பு பண்ணாருன்னு எழுதிக்கோ தம்பி. வேல தெரியாதவருன்னு எழுதாத. இருபத்தாறு வருஷம் பூமிக்கு அடியில பம்பு நிக்காம ஓடனது அவரு கையாலதான்."

"பேஜார் பண்ணிக்காதீங்க, மனசு கஷ்டப்படாதீங்க அம்மா... அப்படி ஒரு கட்டம் இதுல இல்ல."

"அப்ப எனக்கு உங்க டேங்க்கு வேணாம்."

புகார் வாபஸ். அதற்கு மட்டும் கட்டம் இருந்தது.

பத்திரிகை டெஸ்க்கில் இருந்த காலத்தில் எத்தனை விபத்துச் செய்திகளில் 'கவனக்குறைவே காரணம்' என்று எழுதியிருப்பேன்! அதிகக் கவனத்தால் வந்த நஷ்டம் என்று ஒருமுறையாவது எழுதியதுண்டா?

படி இறங்கும்போது மஞ்சுநாத்திடம் கேட்டேன். "அவர் தொடாமலே விட்டிருந்தா?"

"ராடு தீர்ந்து டேங்க் ஓட்டையானாலும் மாத்திக் குடுத்திருப்போம் சார். சும்மா இருந்திருந்தா போதும்."

இப்போது அந்த வீட்டில் காலையில் கேஸ் அடுப்பில் தண்ணீர் காய்கிறது. தூக்க முடியாமல் தூக்கி, இரண்டு பேருமாகக் குளியலறைக்கு எடுத்துப் போகிறார்கள். ஒழுகும் டேங்க் மாடியிலேயே இருக்கிறது.

என் வீட்டு சோலாருக்கு நான்கு வருடம் ஆகிறது. ஒருநாளும் மேலே ஏறிப் பார்த்ததில்லை. வாரன்டி பத்திரமாக இருக்கிறது.