மூன்று டிவியிலும் செல்வியின் கல்யாணம்

இன்று மன்னார்குடி டிவி கடையில் இருந்தவர்கள்: நான், மகன் சேகர், மருமகள் வசந்தா, என் தம்பி ராஜேந்திரன், கடையில் விற்கும் பெண். பென்டிரைவில் என் மகள் செல்வியும் இருந்தாள்.

கட்டிக்கொடுத்த வீட்டில் அவள் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கவில்லை. அவளுடைய கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்துத்தான் புது டிவி எடுப்பது என்று சொல்லியிருந்தேன்.

மூன்று வகை டிவியில் போட்டுக் காட்டினார்கள். எல்இடியில் மணமேடைக்குப் பின்னால் இருக்கும் வாசல் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. கியூஎல்இடியில் அவள் கூறைப்புடவை தீயாய்த் தெரிந்தது. வாசல் தெரியவில்லை.

"ஓஎல்இடில பாருங்க பாட்டி, இருட்டுல இருக்கறதும் தெரியும்" என்றாள் அந்தப் பெண்.

தெரிந்தது.

மணப்பெண்ணைக் கைபிடித்து மணமேடைக்கு அழைத்துவருவது எங்கள் வழக்கத்தில் தாய்மாமன்தான். ராஜேந்திரன் அவளை இழுக்கிறான். அவள் இன்னொரு கையால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

படத்தை அங்கேயே நிறுத்தச் சொன்னேன்.

"பந்தியில நின்ன எங்கிட்ட, சிரிச்சிக்கிட்டே வந்துச்சுன்னு சொன்னியேடா."

"பேசி முடிச்ச கல்யாணம்க்கா, என்ன செய்யச் சொல்ற? வேற படத்தப் போடச் சொல்லு" என்றான்.

"ரொம்ப நேரம் நிறுத்தி வைக்காதீங்க பாட்டி. இந்த டிவில படத்தோட தடம் திரையிலயே பதிஞ்சிடும்" என்றாள் அந்தப் பெண்.

விலை அதிகம்தான். அதையே கட்டச் சொன்னேன்.

பொங்கலுக்குத் தம்பி எனக்கு வரிசை கொண்டுவருவான். படத்தை அங்கேயே நிறுத்தி வைத்தால் அதற்குள் நன்றாகப் பதிந்துவிடுமா என்று இந்த டிவி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

அவளைக் கட்டியவனைக்கூட ஒருநாள் மன்னிப்பேனோ என்னவோ. மன்னிக்கவே மாட்டேன், ராஜேந்திரனை.