பக்கத்து வீட்டுச் சிலந்தி

குடியிருப்பு விதிப்படி, நாய் பூனை தவிர எதை வளர்ப்பதற்கும் எழுத்துமூலம் அனுமதி வேண்டும். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் என் பக்கத்து வீட்டுக்காரர் அனுமதியின்றிக் கண்ணாடிப் பெட்டியில் கையகலச் சிலந்தி வளர்த்தார். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜை ஓட்டியவர். கேஜ் இறங்குமுன் மணியடிப்பதுபோல, மூடியைத் தட்டிவிட்டுத்தான் கரப்பான் போடுவார்.

மனு எழுத என்னிடம் வந்த கூட்டம் இப்போது மாலையில் அங்கே போனது, என் மனைவியும்தான். குடியிருப்பு அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினேன்.

ஒருநாள் அவரே பெட்டியோடு வந்தார். "மக வூட்டுக்குப் போறேன் சார். ஒரு வாரம் பாத்துக்குங்க."

"கடிக்குமா?"

"இன்னா சார், அதுவும் உங்கள மாதிரிதான். ஓரமா ஒக்காந்து எல்லாரையும் பாத்துனு இருக்கும்."

அன்றே கூட்டம் என் வீட்டுக்கு வந்தது. அதன் நடுவே நான் மூடியைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், சிலந்தியை உடனே அகற்றச் சொல்லி என் புகாருக்குப் பதில் வந்தது. அது ஆயுதபூஜைக்கு முந்தின நாள், ஊரே ஒட்டடை அடிக்கும் நாள்.