எங்கள் மரியாதையை அளந்த கௌரி அன்ரி

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோதுதான் ரிஸ்வான் நானாவின் அழைப்பு வந்தது. எருக்கலம்பிட்டிக்காரரான அவர், கௌரி அன்ரி எங்கள் பக்கம் வேலை செய்த காலம் முழுவதும் அவருடைய வாகனத்தை ஓட்டியவர். அன்ரி காட்டிய மின்கம்பங்களில் எல்லாம் ஏறியவர்.

"தங்கச்சி, மிஸ் மவுத்தாகிட்டா. காலமை, திருகோணமலையில. நெஞ்சு வருத்தம்."

அன்ரி இறந்துவிட்டார் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, சந்தேகம். "நானா, இது மிஸ் சொல்லித் தந்த பகிடியோ?" என்று கேட்டேன். மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ரிஸ்வான் நானாவுக்கு அந்தளவு நடிக்கத் தெரியாது. வாசல் படியில் அப்படியே இருந்துவிட்டேன்.

அன்ரியின் கணவர் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டபோது, "எனக்குப் பகிடிதான் எழுத வரும் மாமா" என்றேன். "அவவோட கந்தோரில வேலை செய்த ஆக்கள் எல்லாரும் நல்ல நல்ல சொல்லாப் போட்டு எழுதித் தந்திருக்கினம் பிள்ளை. வாசிச்சா ஆர் செத்ததெண்டே தெரியேல்லை. நீ எழுது" என்றார். ஆகவே, அன்ரியை அறிந்த உங்கள் எல்லோருக்கும், வங்காலைப் பக்கத்துக் கதை இது.

சிவகௌரி என்ற மின்பொறியியலாளர் எங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு வந்தபோது நான் ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இனி வரும் ஆண்டுகளில் மன்னார்க் கரையோரத்துக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும், அதற்கு எங்கே கோபுரம் நடுவது, எந்த மின்நிலையத்தைப் பெரிதாக்குவது என்று திட்டம் போடுவதே அவருடைய வேலை. வந்த கிழமையே அவருடைய அறைக் கதவில் மண்டையோடு வரைந்து, 'அபாயம்! உயர் அழுத்தம்!' என்று எழுதி ஒட்டினேன். மாலையில் பார்த்தால் அதன் கீழே பேனையால், 'குளிசை போட்டாச்சு' என்று எழுதியிருந்தது. அன்ரிக்கு இரத்த அழுத்தம் இருந்ததும் அதற்கு மாத்திரை போடுவதும் எனக்கு அதுவரை தெரியாது. "உங்கட ஊர்க் கரண்டுக்கு அழுத்தம் காணாது, எனக்கு அது கூடிப்போச்சு. நல்ல பொருத்தம்" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அடுத்த நாள் என் படிப்பு மேசையில் ஒரு சீட்டு கிடந்தது: 'பரிசோதித்தேன். இங்கே சுமை எதுவும் இல்லை.' எங்கள் வீட்டில் எனக்குப் பதிலடி தர ஓர் ஆள் வந்துவிட்டதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

எங்கள் ஊருக்கு அந்த நேரம் ஓர் ஏக்கம் இருந்தது. அப்பா தலைவராக இருக்கும் கடற்றொழிலாளர் சங்கம் கரையில் ஓர் ஐஸ் தொழிற்சாலை கட்டியிருந்தது. சுவர் எழும்பி, கூரை போட்டு, இயந்திரமும் இறக்கியாகிவிட்டது. கரண்ட் மட்டும் கிடைக்கவில்லை. உங்கள் பக்கத்து மின்பாதை அந்தச் சுமையைத் தாங்காது, பாதையைப் பெரிதாக்கும் அளவுக்கு உங்கள் ஊரில் தேவையும் இல்லை என்று மின்சார சபையிலிருந்து பதில் வந்திருந்தது. அதனால் உள்ளே ஆடுகள் படுத்திருந்தன. ஐஸ் தூரத்திலிருந்து லொறியில், உமிக்குள் புதைந்து, பாதி உருகி வந்தது. இறால் வாங்க வரும் முதலாளி வள்ளத்தடியில் நின்று, "அண்ணை, ஐஸ் உருகுது, கெதியா விலையைச் சொல்லுங்கோ" என்பார். ஐஸோடு சேர்ந்து விலையும் உருகும். மன்னார்த் தீவுப் பக்கம் பார்த்தால் காற்றாலைகள் பெரிய கையை வீசிச் சுற்றிக்கொண்டிருக்கும். "காத்து எங்கட, கரண்ட் ஆரின்ர?" என்று அப்பா ஒருநாள் அன்ரியிடம் நேராகவே கேட்டார்.

அன்ரி கோபிக்கவில்லை. "அண்ணை, பெரிய லைன் தூரப் பயண பஸ் மாதிரி. ஒவ்வொரு ஒழுங்கைக்குள்ளையும் வராது. சந்தியில ஒரு தரிப்பிடம் கட்டவேணும். தரிப்பிடம் கட்டச் சொல்லிக் கேக்கிறதெண்டா, ஏற ஆக்கள் நிக்கினம் எண்டு நான் காட்டவேணும்" என்றார்.

ஆட்களை எண்ணத்தான் அவர் வீடு வீடாகப் போனார். அங்கேதான் எங்கள் ஊர் தன் குணத்தைக் காட்டியது. கையில் பேப்பரோடு வருகிறவருக்கு எங்களிடம் ஒரே பதில்தான்: இல்லை. பறிக்க வந்தாலும் இல்லை, தர வந்தாலும் இல்லை. போரில் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்த சனத்துக்கு அந்தச் சொல் மனப்பாடம். பக்கத்து வீட்டு விக்ரோறியா மாமி தன் பிரிட்ஜைப் படுக்கை விரிப்பால் மூடி, மேலே மாதா சுரூபத்தை வைத்து, மெழுகுதிரியும் கொளுத்திவிட்டார். வழிகாட்ட நானும் போயிருந்தேன். அன்ரிதான் கேட்டார்.

"வீட்டில என்ன என்ன கரண்ட் சாமான் இருக்கு மாமி?"

"ரெண்டு லைட் பிள்ளை. அதுவும் ஒண்டு எரியாது."

"சுரூபத்துக்குக் கீழ என்னவோ உறுமுதே?"

"அது... கடல் சத்தம்."

அன்ரி பிரிட்ஜுக்குப் பக்தியோடு கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். ரிஸ்வான் நானா வேலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். ஆனால் வாகனத்தில் ஏறியதும் அன்ரியின் சிரிப்பு நின்றுவிட்டது. "இல்லை எண்டு சொல்லிச் சொல்லியே இந்த ஊர் தனக்கு வாறதையும் இல்லாமல் பண்ணப்போகுது" என்றார்.

அவருக்கு இன்னொரு குழப்பமும் இருந்தது. ஓர் ஊர் எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்பதைக் கந்தோரில் ஒரு கோடாக வரைந்து பார்ப்பார்களாம். பின்னேரமானால் மற்ற ஊர்களின் கோடு மலைபோல ஏறும். எங்கள் கோடு மட்டும் கரை மணல்போலத் தட்டையாகக் கிடந்தது. வீட்டார் பொய் சொன்னாலும் மின்மாற்றி பொய் சொல்லாதே என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

விடை ஒரு பின்னேரம் வேலிக்கு மேலால் வந்தது. எங்கள் முற்றத்தில் கதிரை போட்டு அன்ரி பிளேன்ரி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா வேலிக்கரையில் போய் நின்று குரல் கொடுத்தா.

"விக்ரோறியா அக்கா! மோட்டர் போடப் போறன்!"

"பொறடி, மா அரைபடுது!"

"எவ்வளவு நேரமக்கா?"

"ஏன், உன்ர கிணறு எழும்பி ஓடப்போகுதே?"

மூன்றாம் வீட்டிலிருந்து இன்னொரு குரல்: "ரெண்டு பேரும் பொறுங்கோ! பெடியனுக்கு ஒன்லைன் வகுப்பு நடக்குது!"

அன்ரி கோப்பையைக் கீழே வைத்தார். "இது ஒவ்வொரு நாளும் நடக்கிறதோ?"

அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. "ஓம் மிஸ். எல்லாரும் ஒண்டாப் போட்டா லைட் மங்கிப்போகும். மோட்டரும் எரிஞ்சிடும். அதுதான் ஆளுக்காள் சொல்லிப்போட்டு முறை வைச்சுப் போடுறது."

"இந்த ஒழுங்கையில மட்டுமோ?"

"ஊர் முழுக்க அப்பிடித்தான்."

அன்ரி என் பக்கம் திரும்பினார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "டிலானி, நான் இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தது உங்கட தேவையின்ர கோடு இல்லையடி. உங்கட மரியாதையின்ர கோடு!"

அடுத்த நாள் தொடங்கி அவர் கேட்ட கேள்வி மாறியது. 'என்ன இருக்கு?' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'கரண்ட் காணாதெண்டு எதை விட்டிட்டு இருக்கிறீங்கள்?' என்று கேட்டார். இல்லை என்று சொல்லவே பழகிய சனம் அந்தக் கேள்விக்கு வாய் திறந்தது. ஒருவர் தையல் மெசினுக்கு மோட்டர் பூட்டாமல் இருந்தார். இன்னொருவர், பிள்ளைக்கு இழுப்பு வரும்போது ஆவி பிடிக்கும் மெசினை வாங்கியும் ஓட்டப் பயந்திருந்தார். அந்தோனி அப்பு மட்டும், "ரெண்டு ஃபான் வேணும். ஒண்டு சாதாரண நாளுக்கு. மற்றது மனிசியோட சண்டை பிடிச்சு நான் விறாந்தையில படுக்கிற நாளுக்கு" என்றார். "அப்ப ரெண்டாவதுதான் கூட ஓடும்" என்று அன்ரி அதையும் பதிந்தார்.

இவற்றை எல்லாம் பார்க்கக் கொழும்பிலிருந்து மேலதிகாரியான பெரியவர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், நல்ல தமிழும் பேசினார். ஆனால், "மிஸ், ஆசையை வைத்துக் கோபுரம் நட ஏலாது. நான் கொண்டுபோய்க் காட்ட அளவு வேணும்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பயணத்தோடு எந்தக் கரைக்கு முதலில் பாதை என்பது முடிவாகும். எங்கள் ஊர் விடுபட்டால் ஐஸ் தொழிற்சாலை ஆடுகளுக்குத்தான். அன்ரி யோசித்துவிட்டுச் சொன்னார்: "சேர், இண்டைக்குப் பின்னேரம் மட்டும் இந்த ஊர் மரியாதை இல்லாமல் இருந்து காட்டட்டும். நீங்களே அளந்து பாருங்கோ."

கோயில் மணி அடித்ததும் எல்லா வீடும் எல்லாவற்றையும் போடவேண்டும் என்று ஏற்பாடு. மின்மாற்றியடியில் ரிஸ்வான் நானா நின்றார். சங்க மண்டபத்தில் பெரியவர் ஃபானுக்குக் கீழே, மின்மாற்றியோடு தொடுத்த அளக்கும் கருவிக்கு முன்னால் இருந்தார். மணி அடித்தது. இலக்கம் ஏறியது. எல்லோரும் கருவியை நெருங்கி நின்றோம். கொஞ்ச நேரத்தில் அது மெல்ல மெல்ல இறங்கிப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

அப்பா வெளியே ஓடிப்போய், "ஆர் நிப்பாட்டினது?" என்று கத்தினார்.

"நான்தான் தம்பி. லைட் மங்கினது. பக்கத்து வீட்டில கைக்குழந்தை, பாவம் எண்டு..." என்றார் ஒருவர். அடுத்த வீட்டிலும் அதே பதில். ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டு, ஒருவருக்காக ஒருவர் இரங்கி, எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்!

பெரியவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அன்ரி என்னைப் பார்த்தார். மண்டபத்து ஒலிபெருக்கியின் மைக்கை எடுத்து என் கையில் தந்தார். "இவ்வளவு நாளும் உன்ர வாயை வீட்டில வீணாக்கினாய். இண்டைக்கு ஊருக்குக் குடு."

எங்கள் ஊரில் கிழக்குத் தெருவுக்கும் மேற்குத் தெருவுக்கும் உதைபந்தில் பரம்பரைப் பகை. "மேற்குத் தெருவாருக்கு வணக்கம்," என்று தொடங்கினேன். "உங்கட பக்கம் மெழுகுதிரிதான் இருக்குதாம், அனுதாபங்கள்! கிழக்குத் தெருவாரே, உங்கட அயன்பொக்ஸ் எல்லாம் சூடேறாமல் சிரட்டைக் கரி தேடுதாம்! விக்ரோறியா மாமி, உங்கட பிரிட்ஜ் உறுமுதேயொழிய குளிராதெண்டு ஒரு கதை. உண்மையோ?"

"ஆரடி சொன்னது!" என்ற சத்தம் ஒலிபெருக்கி இல்லாமலே மண்டபம் வரை கேட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் ஒருவருக்காகவும் இரங்கவில்லை. கட்டிலுக்குக் கீழே கிடந்தது, அலுமாரிக்குள் கிடந்தது, கலியாணச் சீதனமாக வந்து பெட்டி பிரிக்காமல் கிடந்தது என்று எல்லாம் வெளியே வந்தன. இலக்கம் ஏறியது, ஏறியது, பிறகு மின்மாற்றியடியில் 'டமார்' என்று ஒரு சத்தம். பியூஸ் போய்விட்டது. பெரியவரின் தலைக்கு மேல் ஃபான் மெல்லச் சுற்றி நின்றது. ஊர் முழுக்கக் கரண்ட் நின்றுவிட்டது. அடுத்த கணம் இரண்டு தெருவும் சேர்ந்து கோல் போட்டதுபோல ஆர்ப்பரித்தன. பெரியவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சரி மிஸ். இது ஆசை இல்லை" என்றார். பின்னேர வெயிலில் கம்பத்தில் ஏறிய ரிஸ்வான் நானா எங்களை என்ன சொல்லித் திட்டினார் என்பதை நினைவு மலரில் எழுத முடியாது.

"அளவு மட்டும் ஏறாமல் விட்டிருந்தா கோபுரத்துக்குப் பதிலா என்னை நட்டிருப்பினம்," என்று அன்ரி அன்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார். அவர் அதில் தன் பெயரைப் பணயம் வைத்திருந்தார் என்பதை அப்போதுதான் நாங்கள் விளங்கிக்கொண்டோம்.

பெரிய கோபுரங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. பெரிய மின்மாற்றியும் எங்கள் கரைக்குத் தனிப்பாதையும் முதலில் வந்தன. ஐஸ் தொழிற்சாலையிலிருந்து ஆடுகள் கோபத்தோடு வெளியேறின. அன்ரி அதற்குள் நெஞ்சு வருத்தம் கூடித் திருகோணமலைக்குப் போய்விட்டதால், முதல் ஐஸ் கட்டியை அப்பா வீடியோ அழைப்பில் தூக்கிக் காட்டினார். கட்டிலில் சாய்ந்திருந்தபடி அன்ரி சொன்னார்: "அண்ணை, இனி அவசரப்படாதேங்கோ. ஆறுதலா விலையைச் சொல்லுங்கோ." அப்பா ஐஸைப் பிடித்துக்கொண்டே அழுதார். கை விறைத்ததால்தான் என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.

அன்ரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பொறியியல் அல்ல. என் கணக்குப் பரீட்சைப் புள்ளிகளைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். ஒன்றும் வேண்டாம் என்று சொல்கிற ஆளை அப்படியே நம்பிவிட்டுப் போகாமல் இருக்கும் பழக்கம் அவரால்தான் எனக்கு வந்தது. அவருடைய இறுதிச்சடங்குக்குப் போய்த் திரும்பும் வழியில், வான் வண்டியில் பக்கத்தில் இருந்த அம்மாவிடம், "அம்மா, நீங்கள் எதை விட்டிட்டு இருக்கிறீங்கள்?" என்று கேட்டேன். "எனக்கென்ன குறை" என்றா. நான் விடவில்லை. வவுனியா தாண்டும்போது, யன்னலைப் பார்த்தபடி, "ஸ்கூட்டி ஓடப் பழக ஆசை" என்றா. எத்தனை வருஷமாக என்று கேட்டேன். விரல் மடித்து எண்ணத் தொடங்கினா.

இப்போது பின்னேரங்களில் கடற்கரை வீதியில் என் அக்காவின் ஸ்கூட்டியில் அம்மா முன்னுக்கு, நான் பின்னுக்கு. வளைவு வந்தால் "மாதாவே!" என்று கண்ணை மூடுகிறா. நேற்று என்னை இறக்கிவிட்டுத் தனியே ஓடினா. திரும்பி வரச் சொல்லிக் கத்தினேன். அம்மா கேட்கவேயில்லை, போய்க்கொண்டே இருந்தா.