தள்ளி நில்லுங்கம்மா

சிவகாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். நின்றுபோன இதயத்தை மறுபடி துடிக்க வைப்பது எப்படி என்று மதுரையில் எங்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். ரப்பர் நாயின் நெஞ்சை மாறி மாறி அமுக்கினோம்.

"ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஒருத்தரே அமுக்காதீங்க, கை தளர்ந்துரும். பக்கத்துல யார் இருந்தாலும் சொல்லிக்கொடுத்து மாத்தி விடுங்க" என்றார் பயிற்சி கொடுத்த அம்மா. சிரிப்பும் டீயுமாக அன்றைய பொழுது போனது.

அடுத்த மாதமே, பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் மாரியம்மாள் தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடி, முள்கம்பியில் தொடையைக் கிழித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் உதவியாளர் இல்லை. மயக்க ஊசி போட்டுத் தைத்துக்கொண்டிருக்கும்போதே அதன் மூச்சும் துடிப்பும் நின்றுவிட்டன.

அமுக்க ஆரம்பித்தேன். சீக்கிரமே தோள் கடுத்தது. என் அழுத்தம் நெஞ்சில் இறங்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

"நான் அமுக்கட்டா சார்? கம்பெனில நாள் பூரா ஓயாத கைதான்" என்று மாரியம்மாள் மேஜைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

பயிற்சியில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஒரு டாக்டர், பட்டாசு வேலைக்குப் போகிற பெண்ணிடமா கை மாற்றிவிடுவது என்றுதான் தோன்றியது.

"தள்ளி நில்லுங்கம்மா" என்றேன்.

நாய் பிழைக்கவில்லை. அவர் அமுக்கியிருந்தால் பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் விடவில்லை.

நாயைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டவர், வாசலில் நின்று, வியர்த்து வழிந்த என் முகத்தைப் பார்த்தார்.

"தனியாளா எம்புட்டுப் பாடுபட்டுட்டீக சார்!"

நான் அன்று தனியாளாக இல்லை என்று சொல்ல, இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.