புள்ளலூர்ச் சிப்பாய்கள்

ஒரகடத்தில் கார் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த வருடங்களில், சுங்குவார்சத்திரத்தில் என் அறையில் தங்கியிருந்தவர் அவர். கார் கம்பெனியில் வண்டிகளுக்கு வண்ணம் அடிக்கும் பெயிண்ட் ஷாப்பில் வேலை. குட்டையான உருவம், காதில் எப்போதும் செருகியிருக்கும் மெல்லிய பிரஷ். லீவு நாளில் விரலளவு பொம்மைச் சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டுவார். பக்கத்துப் புள்ளலூரில் அந்தக் காலத்தில் மைசூர்ப் படை வெள்ளைக்காரர் படையை நொறுக்கிய சண்டையைப் பலகையில் பரப்பி, பகடை உருட்டி ஆடுவோம். அவர் எப்போதும் தோற்ற பக்கத்தையே எடுப்பார்.

"ஏண்ணே, வெள்ளக்காரன் பக்கமே நிக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

சிவப்புச் சட்டை போட்ட ஒரு மாநிறச் சிப்பாயை என்னிடம் நீட்டினார்.

"மூஞ்சப் பாரு. இவனா வெள்ளக்காரன்? சம்பளத்துக்கு வந்த நம்மூரு ஆளுப்பா. நெறைய பேரு வூட்டுக்குத் திரும்பவேல்ல."

அன்று பகடை அவருக்கே சாதகமாக விழுந்தது. என் பீரங்கிகளை அவர் சுலபமாகப் பிடித்திருக்கலாம். அவரோ தன் சிப்பாய்களை ஒவ்வொருவராகப் பின்னால் நகர்த்தி, பலகையை விட்டு வெளியே எடுத்தார்.

"அண்ணே, ஜெயிக்கப் போற நேரத்துல என்ன செய்யுதீங்க?"

"நீ ஜெயிச்சிக்கோ. இவனுங்க வூடு போய்ச் சேரட்டும்."

ஆட்ட விதிப்படி நான்தான் ஜெயித்தேன். அறையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தவர் அவர். அவ்வளவு நிம்மதியாகத் தோற்ற ஒருவரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.