கொம்புக் கரியின் வாடை

அடுத்தவர் மிச்சம் வைத்த கரியைச் சுரண்டுவதுதான் ஏசம்மாளின் பிழைப்பு.

நுகத்தடியில் பேர் போடுகிறவர்கள், மில்லுக்குப் போகும் மரப்பெட்டியில் நம்பர் போடுகிறவர்கள், கோயில் பெஞ்சில் உபயம் எழுதுகிறவர்கள் என்று, சூட்டுக்கோலைக் காய்ச்சி மரத்தில் எழுதுகிற ஏழெட்டுப் பேர் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தருக்காவது கோலை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்பது அவள் தீர்ப்பு. ஒருவன் முனையை உலைக்குள் விட்டுவிட்டு வெற்றிலை போடப் போவான். ஒருவன் பெயின்ட் அடித்த பலகையில் அப்படியே கொண்டுபோய் வைப்பான். இன்னொருவன் பழுத்த முனையில் பீடி பற்றவைத்துக்கொண்டு, எச்சில் துப்பி அதை அணைப்பான். எழுத்து பிசிறடிக்க ஆரம்பித்த பிறகு முனையைக் கழற்றிக் கந்தலில் சுற்றி அவளிடம் எடுத்து வருவார்கள். முடிச்சை அவிழ்க்கும்போதே அவளுக்குக் குமட்டும்.

"பன்னிகூட தின்ன இடத்தைத் தள்ளிப்போய்த்தான் பேளும்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லுவாள்.

அவள் புருஷன் தேவஇரக்கம் வண்டி ஆசாரி. சக்கரம் பூட்டுவதில் கெட்டிக்காரர். கோலைப் பிடித்தால் அவரும் அந்த ஏழெட்டுப் பேரைப் போலத்தான். அவர் கெடுத்ததைச் சரிசெய்யப் போய்த்தான் ஏசம்மாள் இந்த வேலையைத் தானாகக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொள்ளும்போது பதினோரு முனைகளை அவளும் கெடுத்தாள். ஒன்று வளைந்தது, ஒன்று வெடித்தது, ஒன்றைத் தேய்த்துத் தேய்த்தே தீர்த்துவிட்டாள். அவற்றைத் தூக்கிப் போடாமல் ஒரு கம்பியில் கோத்துப் பட்டறைத் தூணில் தொங்கவிட்டிருந்தாள். எதைச் செய்யக் கூடாது என்று மறந்துபோனால் அங்கே நிமிர்ந்து பார்ப்பாள்.

வந்த முனையை முதலில் புளித்தண்ணீரில் ஊறப் போடுவாள். கரி இளகியதும் மூங்கில் சிம்பால் வழிப்பாள். இரும்பை வைத்து இரும்பைச் சுரண்டினால் கீறல் விழும், கீறலில் மறுபடி கரி குடியேறும். பிறகு பொடி அரம், அதுவும் ஒரே திசையில். பிறகு செங்கல் பொடி. கடைசியில் செம்பருத்தி நிறத்துக்குக் காய்ச்சி எண்ணெயில் ஒரு முக்கு. வழித்த கரியை முகர்ந்தே என்ன மரம் என்று சொல்லிவிடுவாள். வேம்பு மூக்கிலேயே கசக்கும். தேக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். கருவேலம் காரமாக அடிக்கும்.

வந்தவர்களில் ஒரே ஒருவர்தான் மனுஷராகத் தெரிந்தார். கூமாப்பட்டி கருத்தையா. ஐம்பது வயது, வெளுத்த வேட்டி, தணிந்த பேச்சு. அவருடைய முனைகள் ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, பனையோலைக் கூட்டுக்குள் இருக்கும். அவற்றில் கரி அதிகம் இருக்காது. இருக்கிற கொஞ்சமும் மரக்கரி இல்லை. மயிர் பொசுங்கிய வாடை அடித்தது.

"இது என்ன அண்ணாச்சி?"

"மாட்டுக் கொம்புல அடையாளம் வைக்கேன் தாயி. களவுபோனாத் தெரியும்லா."

"கொம்புக்கு இம்புட்டு பிசுக்கு வருமா?"

"கன்னுக்குட்டிக் கொம்பு. இளசு."

ஏசம்மாள் அதற்குமேல் கேட்கவில்லை. கோலை இவ்வளவு மரியாதையாக வைத்திருக்கிற மனுஷன் பொய் சொல்லுவான் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

யுத்தத்தில் இரும்பு கிடைக்காமல் போன வருஷம், கருத்தையா ஒரு உடைந்த அரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதிலிருந்து பிறை வடிவத்தில் ஒரு முனை வேண்டும் என்றார். இரண்டு நாள் வேலை. முடிகிற நேரத்தில் அரம் வழுக்கி, பிறையின் இடது கொம்பில் எள்ளளவு ஒரு வெட்டு விழுந்துவிட்டது.

"செத்த இருங்க, சரிபண்ணித் தாரேன்."

"கரியில ஓடுத பஸ்ஸு போயிரும் தாயி. அம்புட்டு போதும்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த எள்ளளவு வெட்டு மூன்று நாள் அவள் கண்ணிலேயே நின்றது. சாப்பாடு இறங்கவில்லை. தேவஇரக்கம் சிரித்தார்.

"ஏட்டி, மாடு வந்து உங்கிட்ட கேக்கவா போகுது?"

மாடு வரவில்லை. சுவரை அடுத்த வளவு வெள்ளத்தாய் வந்தாள். அவளுக்கு மஞ்சள் காமாலை கண்டு பத்து நாளாகியிருந்தது. மோர் கேட்டு வந்தவள் செம்பை நீட்டியபோது வலது கையின் உள்பக்கம், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, ஒரு பிறை தெரிந்தது. ஓரம் கொஞ்சமும் கலையாமல் அச்சு வைத்ததுபோல் இருந்தது. முனையில் இடப்பக்கம் இருந்த வெட்டு, பதிந்த இடத்தில் வலப்பக்கம் வரும். வந்திருந்தது. எள்ளளவுதான்.

ஏசம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டாள். "இது யாரு வச்சது?"

"கூமாப்பட்டிக்காரரு. காமாலைக்குச் சூடு வைக்கதுல அவியளை மிஞ்ச ஆளில்லக்கா. வச்சதே தெரியல."

கன்றுக்குட்டிக் கொம்பு என்று நம்பி எத்தனை பேருடைய தோலை இந்த விரலால் வழித்திருக்கிறோம், எத்தனை தடவை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருக்கிறோம் என்று நினைத்ததும், கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"இனி வைக்காதட்டி. ஸ்ரீவில்லிபுத்தூர் டிஸ்பென்சரிக்கு வா, நான் கூட்டிட்டுப் போறேன்."

"அங்கன கலர்த் தண்ணிதான் குடுப்பாக. மூணு சூடு வைக்கணும்க்கா. செவ்வாக்கிழமை ரெண்டாவது, இடது கையில." வெள்ளத்தாய் செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கருத்தையா பட்டறைக்கு வந்து ஓலைக்கூட்டைத் திறந்தார். "செத்த துடைச்சுக் குடு தாயி. பக்கத்துலதான் ஒரு சோலி."

ஏசம்மாள் பிறை முனையைக் கையில் வாங்கிக்கொண்டாள். "வெள்ளத்தாய்க்கு எந்தப் பக்கம் அண்ணாச்சி கொம்பு மொளைச்சிருக்கு?"

அவர் முகம் மாறவே இல்லை. "பாத்துட்டியா? நீங்க வேதக்காரங்க, சூட்டு வைத்தியத்துக்குன்னு சொன்னாச் செஞ்சு தரமாட்டியன்னுதான் சொல்லல. ஆனா ஒண்ணு சொல்லுதேன். முந்தி கம்பியில வச்சா தோலு கூடவே ஒட்டிக்கிட்டு வரும். ஜனம் கத்தும். உன் கை பட்ட முனை வந்த பொறவு ஒருத்தர் வாய் தொறக்கல. வச்சா, எடுத்தா, பூ மாதிரி. எங்க போனாலும் உன் கைவேலையைச் சொல்லாம வாரதில்ல."

ஒரு கண் சிமிட்டும் நேரம் ஏசம்மாளுக்கு அது இனித்தது. வழவழப்பு, சூடு ஒரே சீராய் நிற்கிற பதம், இத்தனை வருஷ உழைப்பைப் புரிந்துகொண்டு பாராட்டிய முதல் ஆள் இவர்தான். அது இனித்ததுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

அவள் முனையை உலைக்குள் செருகித் துருத்தியை இழுத்தாள். செம்பருத்தி நிறம் வந்தது. நிறுத்தவில்லை. எலுமிச்சை நிறம் வந்தது. அதற்கும் நிறுத்தவில்லை.

"ஏட்டி, பொறி பறக்குது! எடுட்டி!" என்று கத்தினார் தேவஇரக்கம். அவர் முனையை இப்படி விட்டபோதெல்லாம் அவள் கத்தின கத்து அது.

வெள்ளையாகப் பொறி சிந்திய பிறகு எடுத்துப் பட்டடையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். உப்புக்கல்போல் உதிர்ந்தது.

கருத்தையா உதிர்ந்ததைப் பார்த்தார். கோபப்படவில்லை. "இரும்பைத்தான் கெடுத்தே. சூடு வைக்கது நிக்குமா? அந்தப் பிள்ளைதான் பாவம்" என்று கூட்டை மூடிக்கொண்டு வெளியே போனார்.

ஏசம்மாள் சாம்பலை அள்ளிக் கையைத் தேய்த்துக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அலறல் கேட்டது. பின்னாலேயே அந்த வாடை வந்தது. அவர் அரிவாள் நுனியைக் காய்ச்சி வைத்தார் என்று பிறகு தெரிந்தது.

எட்டாம் நாள் வெள்ளத்தாயின் இடது கை முழங்கை வரை வீங்கிச் சீழ் வடிந்தது. அவள் மாமியார் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஏசம்மாள்தான் உட்கார்ந்தாள். உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, ஒட்டியிருந்ததை இழுக்காமல், ஊறவைத்து ஊறவைத்து எடுத்தாள். 

வெள்ளத்தாய் இரண்டு கைகளையும் மடியில் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். ஒன்றில் துப்புரவான பிறை. மற்றதில் அழுகல்.

"உங்க முனையே தேவலைக்கா. அதை ஏன் கெடுத்தீய?"

ஏசம்மாள் துணியைப் பிழிந்தாள்.

"மூணாவதுக்கு வருவாரு. அதுக்காவது ஒண்ணு செஞ்சு குடுங்கக்கா."

"வரட்டும். அவரு கையை உலைக்குள்ள விட்டுட்டுப் பொறவு செஞ்சு தாரேன்" என்று எழுந்தவள், புருஷனை வண்டி பூட்டச் சொன்னாள். கை வீங்கியதில் பயந்துபோயிருந்த வெள்ளத்தாயின் புருஷன் மறுக்கவில்லை. டிஸ்பென்சரியில் ஒரு மாதம் கட்டுப் போட்டார்கள். கை தப்பியது. இரண்டு விரல்கள் மட்டும் கடைசிவரை மடங்கவில்லை. காமாலை எப்போது போயிற்று என்று யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது சூடு வைக்கப்படவே இல்லை.

உதிர்ந்த துண்டுகளைத் தூணிலிருந்த கம்பியில் கோக்க ஏசம்மாளுக்கு மனம் வரவில்லை. கக்கூஸ் குழியில் போட்டுவிட்டாள்.

அதன்பிறகு யார் முனை கொண்டுவந்தாலும் முதலில் முகர்ந்து பார்த்தாள். "எதுல வச்சே?" என்று கேட்டாள். எதில் வைத்தால் உனக்கென்ன என்று சிலர் வராமலே நின்றுவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்துக் கான்சாபுரத்திலிருந்து உழுது பிழைக்கிற ஒரு சம்சாரி வந்தான். முனையை நீட்டி, "கொம்புல பேரு போட்டது தாயி" என்றான். ஏசம்மாள் முகர்ந்தாள். அதே மயிர் பொசுங்கிய வாடை. அதைத் தெருவில் வீசி எறிந்தாள்.

"ஏன் தாயி! எங்க மாட்டுக் கொம்புதான், சத்தியமா! வண்டியில பூட்டியிருக்கு, வந்து பாரு!"

அவள் எட்டிப் பார்த்தாள். தெருவில் நின்ற மயிலைக் காளையின் வலது கொம்பில் கருப்பாக நாலு எழுத்து இருந்தது. அவன் சொன்னது நிஜம்தான்.

"இருக்கட்டும், எடுத்துக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, ஏசம்மாள் கை கழுவப் போனாள்.