‘இ’ போட்ட சுவர்

வங்கிக் காவலாளிக்கு வயிறு பெருத்துக்கொண்டே போனது. சீருடைக் கால்சட்டையைத் தளர்த்தித் தரச் சொல்லி ஒவ்வொரு முறையும் கூனிக் குறுகி வந்து நிற்பார். தையலக்கா அளவு நாடாவைத் தொடவே மாட்டார். கால்சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இந்தத் துணியே இப்படித்தான் அண்ணே, தண்ணி பட்டா சுருங்கிருது. மில்லுக்காரன் ஏமாத்தறான்” என்பார். காவலாளியும் மில்லுக்காரனைத் திட்டிக்கொண்டே நிமிர்ந்து நடந்து போவார். அவர் தலை மறைந்ததும், அடுத்த தடவைக்கும் சேர்த்து உள்ளே துணி ஒட்டு வைப்பார் அக்கா. இது பக்கத்துக் கடையில் இருந்த அக்காவின் தம்பி ஒருவருக்குத்தான் தெரியும்.

தம்பி சாவி செய்கிறவர். தலை நரைத்த ஆள். ஆனாலும் தெருவில் ‘ஐயோக்காரர்’ என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். மழை வந்தாலும் ஐயோ, வராவிட்டாலும் ஐயோ. அப்பா விட்டுப்போனது ஒரே ஒரு கட்டடம். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் தையல் மிஷின், இந்தப் பக்கம் சாவி வெட்டும் மிஷின். மாடியில் தம்பி குடும்பம். கணவரை இழந்த அக்காவுக்குக் கடையின் பின்னறைதான் வீடு. சோறும் அதிலேதான், கூரையும் அதுதான்.

ஒரு நாள் தம்பி கடையைத் திறக்க இறங்கி வந்தால், சுவரில் சிவப்புப் பெயிண்டில் பெரிதாக ஓர் எழுத்து: ‘இ’. சட்டையில் பட்டு ஒட்டிக்கொண்டது, அவ்வளவு ஈரம். அந்த வரிசைச் சுவர் எல்லாவற்றிலும் ‘இ’. எதிர்வரிசை முழுக்க ‘வ’. எழுதியவர்கள் விடிவதற்குள் போய்விட்டார்கள்.

“ஐயோ, அக்கா. இடிக்கப் போறாங்க.”

“யாருடா சொன்னது?”

“சுவத்துலயே எழுதியிருக்கே. இ-ன்னா இடிதான். பின்னே என்ன, இலவசமா?”

“இரு-ன்னும் இருக்கலாம்ல.”

“கவர்மெண்டு எந்தக் காலத்துலக்கா நம்மளை இருன்னு சொல்லியிருக்கு?”

“வரி கட்டப் போனியே, அப்ப என்ன சொன்னாங்க?”

“அந்த பெஞ்சுல இருன்னாங்க.”

“பாத்தியா.”

எதிர்வரிசைப் பாத்திரக்கடைக்காரர் வாசலில் நின்று மீசையைத் தடவினார். “எங்களுக்கு ‘வ’ போட்டிருக்கான். வளர்ச்சி. உங்க பாடுதான் பாவம்” என்றார். கடைக்குள்ளிருந்து அவர் மனைவி குரல் வந்தது: “வழிச்சுக்கிட்டுப் போறதுக்கும் ‘வ’தான். உள்ள வாங்க.” அதற்குப் பிறகு அவர் முகத்திலும் ஈயாடவில்லை.

தம்பி நகராட்சி அலுவலகத்துக்கு ஓடினார். ஒரு ஜன்னலில், “எழுதினது நாங்கதான், எதுக்குன்னு அடுத்த ஜன்னல்ல கேளுங்க” என்றார்கள். அடுத்த ஜன்னல்காரர் லீவு. அவருக்கு அடுத்தவர், “எழுதியிருந்தா ஏதாவது காரணம் இருக்கும்” என்று ஆறுதல் சொன்னார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா. திரும்பி வரும் வழியிலேயே தம்பி முடிவு கட்டிவிட்டார். சாவி மிஷினைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டு, வெளியூரில் மச்சான் வீட்டோடு போய்விடுவது என்று. மறுநாள் காலையில் அக்காவிடம் வந்து நின்றார்.

“நீயும் மிஷினைக் குடுத்துரு, அக்கா. தலைக்கு மேல வெள்ளம் வர்றதுக்குள்ள கெளம்பிரலாம்.”

அக்கா பள்ளிச் சீருடைத் துணியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

“இது என்னடா?”

“கோடு.”

“எதுக்கு?”

“வெட்டறதுக்கு.”

“இது மடிக்கிற கோடு. இது தைக்கிற கோடு. அந்தா ஓரத்துல இருக்கு பாரு, அது ஒண்ணுதான் வெட்டறது. கோட்டைப் பாத்ததும் கத்திரியைத் தூக்கினா நான் என்னைக்கோ கடையை மூடியிருப்பேன்.”

“அப்ப இடிக்க மாட்டாங்கன்னு சொல்றியா?”

“எனக்கு என்னடா தெரியும். ஆண்டவனுக்கும் அந்த ஆபீசுக்கும்தான் தெரியும். ஆபீசுக்கே தெரியலைன்னு நீயே வந்து சொல்ற. எழுதறது அவங்க கையில இருக்கு, வாசிக்கிறது நம்ம கையில இருக்கு. நீ இடின்னு வாசிச்சுட்டு சாப்பிடாமக் கெடக்கற. நான் இருன்னு வாசிச்சுட்டு நல்லாத் தூங்கினேன். நாளைக்கே இடிச்சாலும் நான் தூங்கினதை யாரும் திருப்பி வாங்க முடியாது.”

அதற்காக அக்கா வாயில் விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை. அவரவர் துணியை அவரவர் பெயர் எழுதித் தனித்தனி மூட்டையாகக் கட்டிக் கதவோரம் வைத்தார். மிஷினின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். தம்பி விடுவாரா?

“இருன்னு வாசிச்சவ எதுக்கு மூட்டை கட்டற?”

“ஆண்டவனை நம்பறவன் கதவைப் பூட்ட மாட்டான்னா, நீ ஒரு சாவியாவது வித்திருப்பியாடா?”

ஆனாலும் தம்பி சாவி மிஷினை இரும்புக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். வெறும் மேஜைக்கு முன்னால் அவர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். சாவி கேட்டு வந்தவர்களிடம், “இனிமே எதுக்குங்க சாவி, கதவே இருக்குமோ இருக்காதோ” என்றார். அவர் மனைவி சுவர் வழியாக முறையிட்டாள்: “அண்ணி, உங்க தம்பி கடைக்கு வர்றவங்களையும் அழ வைக்கறாரு.”

பிறகு ஒரு நாள் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார். அக்கா கடைக்கு முன்னால் குனிந்து எதையோ அளந்தார். அவர் சட்டையின் வயிற்றுப் பக்கத்துப் பொத்தான் தெறித்து சாக்கடையில் விழுந்தது. “உள்ள வாங்க சார், ஒரு நிமிஷம்” என்று கூப்பிட்டு உட்கார வைத்து, வேறு பொத்தான் தைத்துக்கொண்டே அக்கா கேட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு காதை ஒட்டவைத்தார்.

“வெளிய ‘இ’ போட்டிருக்கே, என்னங்க அது?”

“இடதும்மா. எதிர்ல வலது. தண்ணிக் குழாய் பதிக்கப் போறோம். எங்க ஆளுங்களுக்குப் பக்கம் தெரியாது, மாத்தி மாத்தித் தோண்டிருவாங்க. அதான்.”

“கட்டடம்?”

“கட்டடத்தை நாங்க என்னம்மா பண்ணப் போறோம். வாசப்படியை எடுத்துட்டுத் திரும்ப வச்சுருவோம்.”

சுவருக்கு இந்தப் பக்கம் நாற்காலி ஒன்று விழுந்தது.

அன்றைக்குத் தம்பிக்கு நிம்மதியைவிட ஆத்திரம்தான் அதிகம். “நீ வாசிச்சதும் தப்புதான்க்கா” என்றார்.

“தப்புதான். ஆனா என் தப்புல எனக்குப் பசிச்சுதுடா. போ, மிஷினைத் தூக்கிட்டு வா.”

தலைதெறிக்க ஓடினார். பழைய இரும்புக்காரர் தம் கிடங்கு வாசலில் இடுப்பையும் பையையும் தடவிக்கொண்டு நின்றார். பூட்டிய பூட்டு தொங்கியது.

“ஆண்டவன்தான் உன்னை அனுப்பினான். சாவியைத் தொலைச்சுட்டேன். ஒண்ணு வெட்டிக் குடு.”

“மிஷின் உள்ள இருக்கே.”

இருவரும் பூட்டைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். தம்பி படியில் உட்கார்ந்து, ஓர் அரத்தை வைத்து உச்சி வெயில் வரை சாவியை ராவினார். அக்கா டீ கொடுத்தனுப்பினார். கதவு திறந்ததும் தம்பி வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்து மிஷினை எடுத்துக்கொண்டார். ராவிக்கொண்டிருந்த நேரம் முழுக்கத் தம்பி ஓர் ஐயோவும் சொல்லவில்லை என்று இரும்புக்காரர் பிற்பாடு எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார்.

குழாய் வந்தது, தண்ணீரும் எப்போதாவது வந்தது. வருஷங்கள் போயின. அக்காவுக்கு நெஞ்சில் கோளாறு என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். பிழைப்பாரா என்று கேட்டதற்கு, திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். துணைக்குத் தம்பி மனைவி கிளம்பினாள். அக்கா அங்கிருந்து திரும்பவில்லை. ஆண்டவன் அங்கேயே அழைத்துக்கொண்டார்.

ஆனால் பஸ் ஏற்றிவிட்ட அன்று அது யாருக்கும் தெரியாது. தம்பி ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய நின்றார். பஸ் உறுமியது. அக்கா அவர் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்:

“தள்ளி நில்லுடா. என்னைக்கும் இல்லாம ஜன்னலோரம் இடம் கெடச்சிருக்கு. நீ மறைச்சுக்கிட்டு நின்னா நான் எதை வேடிக்கை பாக்கறது.”